என்ன வேண்டும் என்று கேட்டோமா?

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறத் தொடங்கினால் வளைவுக்கு வளைவு சமவெளியின் வெப்பம் குறைந்துகொண்டே வரும். எல்லையைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றதும் ஏலத்தோட்டங்களின் நிழல் நம்மைச் சூழ்ந்துகொள்ளும். ஏலச்செடி நேர்வெயிலைத் தாங்காது. ஓங்கி வளர்ந்த மரங்களின் நிழலில், ஈரம் வற்றாத மண்ணில்தான் அது செழிக்கும். அந்த ஏலமலையின் நடுவே அமைந்த ஊர் வண்டன்மேடு. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும் அங்கே அன்றாட வாழ்வில் தமிழ் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி வேலைக்கு வருவோர் ஒருபுறம். தோட்டத்து லயங்களிலேயே தலைமுறைகளாக வாழ்ந்துவரும் குடும்பங்கள் மறுபுறம்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்பகுதி அன்பர்களின் அழைப்பை ஏற்று ஒரு சத்சங்கத்திற்குச் சென்றிருந்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் ஓர் அன்பர் என்னை ஒரு லயத்து வீட்டிற்கு அழைத்துச் சென்றார். அங்கே முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் சுவரோரம் தரையில் அமர்ந்திருந்தார். பிறந்தபோதே மூளை முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்டவர். கால்கள் இரண்டும் விறைத்துப் பின்னியிருந்தன. உடல் சாய்ந்துவிடாதிருக்க இரு கைகளையும் தரையில் ஊன்றியிருந்தார். பேச்சு மெதுவாகவும் குழறலாகவும் வந்தது. அறிவோ தெளிவாக இருந்தது. தாய் ஏலத்தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். காலையில் சென்றால் மாலையில்தான் திரும்புவார். அதுவரை மகனுக்கு அந்தச் சுவரோரமே உலகம்.

அக்காட்சி மனத்தை உருக்கியது. ஊர் திரும்பியதும் அன்பர்கள் சிலரிடம் கூறினேன். இரண்டே வாரங்களில் பணம் சேர்ந்தது. பளபளக்கும் சக்கர நாற்காலி ஒன்றை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு சென்றோம். நாற்காலிக்கு மாலையிட்டோம், இளைஞரைத் தூக்கி அதில் அமர்த்தினோம், புகைப்படம் எடுத்துக்கொண்டோம். தாய் கைகூப்பினார். திரும்பும் வழியெல்லாம் எங்கள் நெஞ்சில் ஒரு நிறைவு இருந்தது.

ஏழு மாதங்கள் கழித்து மீண்டும் அங்கே செல்ல நேர்ந்தது. நாற்காலி வீட்டின் பின்புறம் தார்ப்பாயின் அடியில் கிடந்தது. அதன்மேல் விறகு அடுக்கப்பட்டிருந்தது. இளைஞர் அதே சுவரோரத்தில், அதே தரையில், கைகளை ஊன்றியபடி அமர்ந்திருந்தார்.

தாய்க்கு மிகுந்த சங்கடம். "மழை விட்டதும் உள்ளே எடுத்து வைக்கலாம்னு இருந்தேன் சாமி" என்றார். நான் சுற்றிலும் பார்த்தேன். முதல் நாளே பார்த்திருக்க வேண்டியவை அப்போதுதான் கண்ணில் பட்டன. பாதையிலிருந்து வீட்டிற்கு இறங்க, மண்ணில் வெட்டிய செங்குத்தான படிகள். வாசலின் அகலத்தைவிட நாற்காலியின் அகலம் அதிகம். உள்ளே நான்கு பேர் அமர்ந்தால் நிறைந்துவிடும் அறை. வெளியே, மழைக்காலம் முழுவதும் சக்கரம் புதையும் சேறு.

"தம்பி, நாற்காலி சரியாக இல்லையா?" என்று கேட்டேன்.

அவர் சொற்களைத் திரட்டிக்கொள்ளச் சற்று நேரமாயிற்று. "நாற்காலி நல்லாத்தான் இருக்கு சாமி. எங்க வீட்டுக்குத்தான் அது பொருந்தல" என்றார். பிறகு, எந்தக் குறையும் சொல்லாத குரலில், "அம்மாகிட்ட கேட்டீங்க. அம்மாவும் சரின்னாங்க. என்னை யாரும் கேக்கல சாமி" என்றார்.

தத்துவம் பயின்று, சேவையைப் பற்றி எத்தனையோ மேடைகளில் பேசி, எத்தனையோ நூல்களை மொழிபெயர்த்த என்னிடம் அந்தச் சொற்களுக்குப் பதில் இல்லை. அன்று எழுந்த கேள்வியைத்தான் இக்கட்டுரையில் வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன். நாம் செய்யும் சேவை யாருக்காக?

உனக்கே நன்மை செய்துகொள்

இக்கேள்விக்கு ஆன்மிக மரபுகள் தரும் விடை, முதலில் கேட்பவர்க்கு வியப்பளிக்கும். சேவை செய்பவனுக்கே சேவையின் முதற்பயன் என்பதே அவ்விடை. பயன் கருதாத கர்மத்தால் சித்தம் தூய்மை அடைகிறது. ஆகவே பெற்றுக்கொள்பவருக்குக் கொடுப்பவனே நன்றி செலுத்தக் கடமைப்பட்டவன் என்று கர்மயோகம் நமக்குக் கற்பிக்கிறது.

இதே கருத்தை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டின் கிரனாடா நகரத் தெருக்களில் ஒருவர் உரக்கக் கூவிச் சென்றார். 1495-இல் போர்ச்சுக்கல் நாட்டில் பிறந்த அவரைக் கிறிஸ்தவ உலகம் 'இறைவனின் யோவான்' என்று போற்றுகிறது. ஆடு மேய்த்தார், போர்வீரராக இருந்தார், புத்தகம் விற்றார். ஒரு நாள் சமயச் சொற்பொழிவு ஒன்றைக் கேட்டு மனம் கலங்கி, தம் பாவங்களை நினைத்துத் தெருவில் கதறி அழுதார். மக்கள் அவரைப் பித்தர் என்று கருதி மருத்துவமனையில் அடைத்தனர். அக்கால வழக்கப்படி பித்தத்திற்கு மருந்து, கட்டிவைத்து அடிப்பதுதான். அடிபட்டு வெளியே வந்தவர், இத்தகையோரை இப்படி நடத்தாத ஓர் இடம் வேண்டும் என்று உறுதி பூண்டு, நோயாளிகளுக்கும் ஊனமுற்றோருக்கும் ஆதரவற்றோருக்கும் ஓர் இல்லம் அமைத்தார். அவர்களுக்காக இரவில் பிச்சை எடுக்கச் சென்றபோது அவர் கூவியது, ஏழைக்கு உதவுங்கள் என்றல்ல. ஏழைக்குக் கொடுப்பதன்மூலம் உங்களுக்கே நன்மை செய்துகொள்ளுங்கள் என்பதுதான் அவருடைய குரல். 1550-இல் அவர் மறைந்தபின் அவர் வழியில் ஒரு துறவியர் சபை உருவாயிற்று. இத்தாலியில் அச்சபையாருக்கு அந்தக் குரலே பெயராக நிலைத்துவிட்டது.

அந்தச் சபையின் கரம் ஏலமலைவரை நீண்டது. வண்டன்மேட்டிற்கு அருகிலுள்ள கட்டப்பனைக்கு 1960-களின் இறுதியில் ஜெர்மானியத் துறவியான சகோதரர் ஃபார்ச்சுனாத்துஸ் வந்தார். காட்டைத் திருத்திக் குடியேறிய விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் மருத்துவத்திற்காக மலையிறங்க வேண்டியிருந்த காலம் அது. இடுக்கி என்ற மாவட்டமே 1972-இல்தான் உருவாயிற்று. அங்கே வேரூன்றிய புனித யோவான் மருத்துவமனையோடும், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான பணிகளோடும் அவருடைய பெயர் இணைந்து நிற்கிறது. தாய்நாட்டுக்குத் திரும்பி ஓய்வெடுக்க அவர் எண்ணவில்லை. 2005-இல் கட்டப்பனையிலேயே மறைந்தார். தன் மொழியல்லாத மொழி பேசும் மக்களிடையே ஒருவர் தம் வாழ்நாளின் பிற்பாதி முழுவதையும் வைத்துவிட்டுப் போவது எந்தச் சமயத்தார்க்கும் தலைவணங்கத் தக்கதே.

ஏணியாகும் மனிதன்

இங்கே நம் அன்பர்கள் சிலர் மனத்தில் ஓர் ஐயம் எழக்கூடும். 'இவர்களுடைய சேவைக்குப் பின்னால் தங்கள் மதத்தில் சேர்க்கும் நோக்கம் இல்லையா?' என்று கேட்பார்கள். நேர்மையான கேள்விதான், மழுப்பாமல் எதிர்கொள்ள வேண்டும். உதவி தூண்டிலாக மாறும் இடத்தில் சேவை கெட்டுப்போகிறது. இது நம் தீர்ப்பு மட்டுமன்று. பேரிடர் உதவியில் ஈடுபடும் அமைப்புகளுக்காக 1994-இல் செஞ்சிலுவை இயக்கமும் பிற தொண்டு நிறுவனங்களும் வகுத்த நடத்தை நெறி, உதவியை எந்தச் சமய நிலைப்பாட்டையும் பரப்பப் பயன்படுத்தலாகாது என்று விதிக்கிறது. அந்நெறியை முன்மொழிந்தோரில் கத்தோலிக்கத் திருச்சபையின் காரித்தாஸ் அமைப்பும் உலகத் திருச்சபைகள் மன்றமும் அடக்கம்.

ஆனால் அக்கேள்வியை அவர்களை நோக்கி எறிந்த கையோடு நம்மை நோக்கியும் திருப்ப வேண்டும். பிறருடைய துன்பத்தை வேறொன்றுக்காகப் பயன்படுத்துவது தவறு என்றால், அந்த வேறொன்று என் புண்ணியமாக இருந்தால் மட்டும் சரியாகிவிடுமா? என் சித்தத் தூய்மையாக இருந்தால்? இயக்கத்தின் நற்பெயராக இருந்தால்? நான் மாலையிட்ட நாற்காலியை நினைத்துப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நிறைவு பெற்றவர் யார்? நாங்கள்தான். அந்த இளைஞரின் நாள் முன்புபோலவே கழிந்தது. எங்கள் மனநிறைவுக்கு அவர் ஏணியாக இருந்தார். ஏணியில் ஏறியவர்கள் ஏணியைத் திரும்பிப் பார்க்க ஏழு மாதங்கள் ஆயின.

மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் நடத்தக் கூடாது, அவனையே குறிக்கோளாகக் கருத வேண்டும் என்பது 18ஆம் நூற்றாண்டின் ஜெர்மானியத் தத்துவ ஞானி இம்மானுவேல் காண்டின் அறநெறி. கொலைக்கும் களவுக்கும் மட்டுமே இதைப் பொருத்திப் பார்த்துப் பழகியிருக்கிறோம். அன்பினால் செய்யும் உதவியிலும் ஒருவர் கருவியாகிவிடலாம் என்பதை நாம் எண்ணுவதில்லை. அப்படியானால், சேவையினால் நமக்கு நன்மை விளையும் என்ற உண்மையையும், பிறரை நம் நன்மைக்கான படிக்கட்டாக ஆக்கக் கூடாது என்ற உண்மையையும் எவ்வாறு ஒருசேரக் காப்பது?

வழியோரத்தில் கேட்ட கேள்வி

விடையை எனக்குக் காட்டியவர் ஒரு கன்னியாஸ்திரி. அப்பகுதியில் மாற்றுத்திறனாளிகளிடையே பணியாற்றுபவர். இயன்முறை மருத்துவப் பயிற்சி பெற்றவர். எங்கள் தவறை ஒப்புக்கொண்டு, வழிகாட்டும்படி அவரை வேண்டினேன். அவர் வந்ததும் முதலில் தரையில் அமர்ந்தார். அளவெடுக்கவில்லை, காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்கிறீர்கள், எது வலிக்கிறது, எது முடியவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள் என்று அந்த இளைஞரிடமே ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் ஒரு சொல்லைச் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தார். இடையில் தாயோ நாங்களோ அவருக்காகப் பதில் சொல்ல முயன்றபோது புன்னகையோடு கையமர்த்தினார்.

அந்த அரைமணி நேரத்தில் நாங்கள் அறியாத இரண்டு செய்திகள் வெளிவந்தன. தாய் வேலைக்குச் சென்ற நாட்களில் பகல் முழுவதும் அவர் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் கழிப்பிடம் செல்ல வேண்டும். தூக்கிச் செல்ல ஆளில்லை. இது முதல் செய்தி. அவருக்கு ஒரு வேலை செய்ய ஆசை. உலர்ந்த ஏலக்காயில் வெடித்ததையும் நிறம் மங்கியதையும் நீக்கித் தரம் பிரிக்க அவருக்குத் தெரியும். ஆனால் உடலைத் தாங்க இரு கைகளும் தரையில் ஊன்றியிருக்கும்போது காயைப் பொறுக்கக் கை எங்கிருந்து வரும்? இது இரண்டாவது செய்தி. நடமாட்டத்திற்காக அவர் ஏங்கவில்லை. குடிக்க ஒரு குவளைத் தண்ணீருக்கும், ஓய்ந்த இரு கைகளுக்கும் ஏங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் சக்கரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தோம்.

திரும்பும்போது, "சிஸ்டர், பார்த்தாலே குறை தெரிகிறதே, இவ்வளவு நேரம் கேட்க வேண்டுமா?" என்று வினவினேன். அவர் மாற்கு நற்செய்தியிலுள்ள ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டினார். எரிகோ நகரின் வழியோரத்தில் பர்த்திமேயு என்னும் பார்வையற்ற பிச்சைக்காரர் அமர்ந்திருக்கிறார். இயேசு அவ்வழியே செல்கிறார் என்றறிந்து கூவி அழைக்கிறார். கூட்டத்தினர் பேசாதிருக்கும்படி அவரை அதட்டுகின்றனர். இயேசு நிற்கிறார், அவரை அழைத்து வரச் செய்கிறார், தாம் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறார் என அவரையே கேட்கிறார். "கண் தெரியாதவர் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே சாமி? ஆனாலும் கேட்டார். கூட்டம் அடைத்த வாயை அந்தக் கேள்விதான் திறந்தது" என்றார் அந்தச் சகோதரி.

சிறு வயதிலிருந்து நான் அறிந்த கதைதான். அற்புதம் மட்டுமே அதுவரை என் கண்ணில் பட்டிருந்தது. அற்புதத்திற்கு முன்னால் நின்ற கேள்வியை அன்றுதான் கண்டேன்.

உலகம் கற்ற பாடம்

எங்களுடைய பிழை எங்களுடையது மட்டுமன்று. 1979-இல் மொராக்கோ நாட்டில் பயணம் செய்த அமெரிக்கப் பொறியியலாளர் டான் ஷோண்டார்ஃபர், ஒரு பெண் கைகளால் தரையைப் பற்றி இழுத்துக்கொண்டு சாலையைக் கடப்பதைக் கண்டார். அக்காட்சி அவரை விட்டு நீங்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, தோட்டங்களில் போடும் வெள்ளை நெகிழி நாற்காலியோடு மிதிவண்டிச் சக்கரங்களை இணைத்து, மிகக் குறைந்த விலையில் ஒரு சக்கர நாற்காலியை வடிவமைத்தார். 2001-இல் அவ்வாறு செய்த நான்கு நாற்காலிகளோடு அவர் முதலில் வந்தது நம் இந்தியாவிற்குத்தான். அவர் தொடங்கிய 'ஃப்ரீ வீல்சேர் மிஷன்' என்னும் கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு இதுவரை 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் பத்து லட்சத்திற்கும் அதிகமான நாற்காலிகளை இலவசமாக வழங்கியுள்ளது. பல ஆண்டுகள் தரையில் ஊர்ந்தவருக்கு எந்த நாற்காலியும் பெரும்பேறு என்பதை மறுக்க முடியாது.

ஆயினும் ஓர் உடலுக்குப் பொருந்துவது மற்றோர் உடலுக்குப் பொருந்தாது. முதுகு வளைந்தவரையும், இடுப்பின்கீழ் உணர்ச்சியற்றவரையும், சிறு பிள்ளையையும் ஒரே அளவு நாற்காலியில் அமர்த்தினால் உடல் மேலும் கோணலாகலாம். நீண்ட நேரம் அழுந்தும் இடத்தில் புண் உண்டாகலாம். 2008-இல் உலக சுகாதார நிறுவனம், வசதி குறைந்த பகுதிகளில் சக்கர நாற்காலி வழங்குவதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. நாற்காலி பயன்படுத்துபவரின் தேவைக்கும் அவர் வாழும் சூழலுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். உடலோடு பொருந்தி அதைத் தாங்க வேண்டும். பழுதானால் உள்ளூரிலேயே சரிசெய்யக் கூடியதாக இருக்க வேண்டும் என்று அது வலியுறுத்தியது. ஷோண்டார்ஃபரின் அமைப்பும் பிற்காலத்தில் உடலளவுக்கு ஏற்பச் சரிசெய்யக்கூடிய வேறு வடிவங்களை உருவாக்கியது. நல்ல மனம் படைத்தோர் தம் கொடையைத் திருத்திக்கொள்வது கொடையைவிடப் பெரிய செயல் என்றே தோன்றுகிறது.

பகவத் கீதையின் 17ஆம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பிரிக்கிறது. பிரதிபலன் கருதாததோடு, தேசமும் காலமும் பாத்திரமும் அறிந்து அளிப்பதே சாத்விக தானம் என்கிறது. தேசம் என்பதைப் புண்ணியத் தலம் என்றும், காலம் என்பதைக் கிரகண காலம் என்றும் பொருள்கொண்டு நாம் நிறுத்திவிடுகிறோம். செங்குத்தான மண்படி தேசம். அந்த மலையின் மழை காலம். விறைத்த கால்களும் தெளிந்த அறிவும் கொண்ட அந்த இளைஞரே பாத்திரம். இம்மூன்றையும் அறியாமல் அளித்த எங்கள் நாற்காலி எவ்வகைத் தானத்தில் சேரும் என்பதை வாசகர்களின் விசாரணைக்கே விட்டுவிடுகிறேன்.

பெற்றவர் கொடுப்பவராதல்

கேட்பது முதற்படி. அதற்கடுத்த படியும் உண்டு. அதை வேலூரில் காணலாம்.

கேரளத்தில் 1925-இல் பிறந்த மேரி வர்கீஸ், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து, இடுப்பின்கீழ் முற்றிலும் செயலிழந்தார். வயது முப்பதுகூட நிறையவில்லை. அவரைக் கடைசிவரை பரிவோடு பராமரித்திருந்தால் அதுவும் சேவை என்றே பெயர் பெற்றிருக்கும். ஆனால் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திய மருத்துவர் பால் பிராண்டு, அவரிடம் எஞ்சியிருப்பது என்ன என்று பார்த்தார். கைகள் இருந்தன, கல்வி இருந்தது. கையறுவைச் சிகிச்சையை அமர்ந்தபடியே செய்யலாம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்குச் சிகிச்சை செய்தார். பின்னர் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை வளர்த்தார். 1966-இல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986-இல் மறையும்வரை, தம்மைப்போல் திடீரென்று முடங்கிப்போனோர்க்கு அவருடைய வாழ்வே முதல் மருந்தாக இருந்தது.

தொழுநோயாளி ஒருவர், தம் கையை நிமிர்த்திய மருத்துவரால் நிற்க முடியாது என்பதைக் காணும் காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். அங்கே கொடுப்பவர் யார், பெறுபவர் யார்? இருவரும் இரண்டுமாக இருக்கிறார்கள். சேவையின் முதிர்ச்சி அதுவே. எந்தச் சேவை ஒருவரை என்றென்றும் பெறுபவராகவே இருத்தி வைக்கிறதோ, அது அவருடைய பசியைத் தீர்த்தாலும் அவருடைய மனிதத் தன்மையில் ஒரு பாதியை மறுத்துவிடுகிறது. வள்ளுவர் ஈகைக்கு முன் ஒப்புரவறிதல் என்ற அதிகாரத்தை வைத்தார். கொடுப்பவனும் கொள்பவனும் ஒரே ஊரார், ஒரே உலகத்தார் என்ற உணர்வு முன்னே நிற்க, ஈகை அதன் பின்னே வருகிறது. வரிசை மாறினால் ஈகை தருக்காகிவிடும்.

வணங்கும் தெய்வமும் வாழும் தெய்வமும்

1884ஆம் ஆண்டில் தட்சிணேசுவரத்தில் ஸ்ரீராமகிருஷ்ணர், ஜீவர்களிடம் தயை காட்ட மனிதன் யார் என்று வினவி, ஜீவனைச் சிவமாகக் கண்டு சேவிப்பதே முறை என்று உணர்த்தியதும், அதனை இளைஞர் நரேந்திரர் நெஞ்சில் ஏற்றுக்கொண்டதும் நம் வாசகர்கள் நன்கறிந்தவை. அதன் பொருளை இன்னும் ஒரு படி தொடர்ந்து சிந்திக்க வேண்டும்.

சிவபெருமான் அபிஷேகப் பிரியர். திருமால் அலங்காரப் பிரியர். பிள்ளையாருக்கு அருகம்புல்லும் கொழுக்கட்டையும். எந்தத் தெய்வத்திற்கு எது உகந்தது என்பதை நாம் எவ்வளவு கவனமாக அறிந்து வைத்திருக்கிறோம்! சிவனுக்குத் தாழம்பூ ஆகாது என்று குழந்தைக்கும் தெரியும். பேசாத திருமேனியின் விருப்பத்தை இவ்வளவு அறிந்த நாம், பேசுகின்ற சிவத்திடம் விருப்பம் என்ன என்று கேட்பதில்லை. வருபவர் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவர் வேண்டாம் என்றால் நன்றி கெட்டவர் என்கிறோம். ஜீவனைச் சிவமாகக் கருதுவது உண்மையானால், மறுக்கும் உரிமையும் அந்தச் சிவத்திற்கு உண்டல்லவா?

இங்கு ஒரு தடை எழலாம். கேட்டாலும் பதில் சொல்ல இயலாதவர்கள் உண்டே; அறிவு வளர்ச்சி மிகவும் குன்றியவர்கள், பேச்சே அற்றவர்கள் ஆகியோரிடம் எப்படிக் கேட்பது? கேட்பது என்பது வாயால் வினவுவது மட்டுமன்று. ஊட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதும், ஒருவர் குரல் கேட்டதும் உடல் தளர்வதும், ஒரு தொடுதலுக்கு அஞ்சி விரல் சுருங்குவதும் பதில்களே. அவற்றைப் படிக்க நீண்ட காலம் உடனிருக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் மகனின் வாயைத் துடைத்த தாய் அதைப் படித்திருக்கிறார். ஆகவே தாயைக் கேட்டது தவறன்று. மகனே பேசக்கூடியவராக இருக்க, தாயோடு நிறுத்திக்கொண்டதே தவறு.

மற்றொரு தடையும் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு வேண்டியது உரிமையே, நம் கருணையன்று என்பார்கள். முற்றிலும் சரி. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பு நம் நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைக் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கிராமப்புறத்தினர். 2006-இல் ஐக்கிய நாடுகள் சபை அவர்களுடைய உரிமைகளுக்கென ஓர் உடன்படிக்கையை ஏற்றது. 2007-இல் இந்தியா அதனை உறுதி செய்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இடம்பெற்றிருக்க, 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்றுக்கொண்டது. தங்களைப் பற்றிய எந்த முடிவையும் தங்களை விலக்கிவைத்து எடுக்கலாகாது என்பதே உலகெங்கும் அவர்களுடைய இயக்கத்தின் முழக்கம். லயத்து இளைஞர் என்னிடம் சொன்னதும் அதுதான். சட்டம் சாய்தளம் அமைக்கச் செய்யும். ஓய்வூதியம் பெற்றுத் தரும். இவை தானமல்ல, கடன். ஆனால் தரையில் அமர்ந்து, ஒருவர் ஒரு சொல்லை முடிக்கும்வரை பொறுத்திருக்கும்படி எந்தச் சட்டமும் நமக்கு ஆணையிட முடியாது. அந்த இடம் அன்புக்கு உரியது. உரிமைக்கு மாற்றாக அன்பை வைப்பது அநீதி. உரிமையோடு அன்பையும் சேர்ப்பதே சேவை.

கொடுக்கும்போது நாணமும் அச்சமும் நல்லறிவும் உடனிருக்க வேண்டும் என்று தைத்திரீய உபநிஷதம் உபதேசிக்கிறது. கொடுப்பவனுக்கு எதற்கு அச்சம் என்று மாணவனாக இருந்தபோது வியந்ததுண்டு. இன்று புரிகிறது. கொடை பிறரைச் சிறுமைப்படுத்திவிடக் கூடும் என்ற அச்சம் அது. தவறான பொருளைக் கொடுத்துவிட்டு நிறைவோடு திரும்பிவிடுவோமோ என்ற அச்சம்.

மீண்டும் வண்டன்மேடு

அந்தக் கன்னியாஸ்திரியும் இளைஞரும் சேர்ந்து சொன்ன அளவுகளில் உள்ளூர்த் தச்சர் ஒருவர் தாழ்ந்த மர இருக்கை ஒன்றைச் செய்தார். அறையின் மூலையில் பொருந்துவது. முதுகையும் இரு பக்கங்களையும் தாங்குவது. முன்னே ஒரு பலகை. இருக்கைக்கு அருகிலேயே, தாமே நகர்ந்து பயன்படுத்தக்கூடிய எளிய கழிப்பு ஏற்பாடும், பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு மரச்சட்டமும் அமைந்தன. எல்லாம் சேர்த்து அந்தச் சக்கர நாற்காலியின் விலையில் பாதிகூட ஆகவில்லை. நாற்காலி கம்பத்தில் சமதளத் தெருவில் வாழும் மூதாட்டி ஒருவருக்குச் சென்றது. இம்முறை அவரைக் கேட்டு, வாசலை அளந்து பார்த்த பிறகுதான் கொடுத்தோம்.

அடுத்த முறை நான் சென்றபோது இளைஞர் இருக்கையில் நிமிர்ந்து அமர்ந்திருந்தார். முன்னிருந்த பலகையில் ஏலக்காய் பரப்பியிருந்தது. விரல்கள் மெல்ல, இடையிடையே துடித்தபடி, வெடித்த காய்களை ஒருபுறம் ஒதுக்கிக்கொண்டிருந்தன. அக்கம்பக்கத்துச் சிறு விவசாயிகள் சிலர் உலர்ந்த காயைத் தரம் பிரிக்க அவரிடம் தருகிறார்களாம். பக்கத்தில் ஒரு சொம்பு. அதில் பாதித் தண்ணீர் குறைந்திருந்தது. எத்தனையோ ஆலயங்களில் தீர்த்தம் பெற்றிருக்கிறேன். அந்தச் சொம்பைப் பார்த்தபோது ஏற்பட்ட உணர்வு அவற்றுக்குக் குறைந்ததன்று.

விடைபெறும் வேளையில் அவர் ஒரு சிறு பொட்டலத்தைக் கையில் எடுத்தார். தம் கூலியில் பங்காகப் பெற்ற காய். பச்சை மாறாத, ஒரே அளவான காய்களாகப் பொறுக்கி வைத்திருந்தார். உடனே நீட்டிவிடவில்லை. முதலில் என் முகத்தைப் பார்த்து, சொற்களைத் திரட்டிக்கொண்டு, "சாமி, ஆசிரமத்துப் பூஜைக்கு ஏலக்காய் வேணுமா?" என்று கேட்டார்.

"வேண்டும் தம்பி" என்று இரு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.